நாலு சாண் நிழல்

எந்தக் கடலுக்கு அப்பால் என்று கேட்காதீர்கள், எந்த ராஜா காலத்தில் என்றும் கேட்காதீர்கள். கேட்டால் கதை கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடும். தண்ணிழல் நாடு என்று ஒரு நாடு இருந்தது. அவ்வளவு போதும்.

அந்த நாட்டில் எல்லாம் இருந்தன. அகலமான தெருக்கள், தெருவுக்கு ஒரு சிலை, சிலைக்கு ஒரு காவலர், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல். இல்லாதது ஒன்றே ஒன்றுதான். மருந்து கொடுக்க ஆள் இல்லை. வைத்தியர்கள் சீட்டு எழுதிக் குவித்தார்கள். அந்தச் சீட்டை வாசித்து, அளவு சரிதானா என்று பார்த்து, இந்த மாத்திரையோடு அந்த மாத்திரை சேருமா என்று யோசித்து, எண்ணிப் பொட்டலம் போட்டுக் கொடுக்கப் படித்தவர்கள் ஒருவரும் இல்லை. அந்நாட்டு மருந்தாளுநர்கள் அனைவரும் அதைவிடப் பெரிய நாடு ஒன்றுக்குப் போய்விட்டிருந்தார்கள். அந்தப் பெரிய நாட்டு மருந்தாளுநர்கள் இன்னும் பெரிய நாட்டுக்குப் போயிருந்தார்கள் என்று கேள்வி. கடைசியில் எல்லாரும் எங்கே போய்ச் சேர்ந்தார்களோ, அது யாருக்கும் தெரியவில்லை.

ஆகவே அரசவை கூடி முடிவெடுத்தது. வெளிநாட்டு மருந்தாளுநர்கள் வரவேண்டும். ஆனால் வந்துவிடக் கூடாது.

அது எப்படி என்று நிழலமைச்சர் கம்பீரநாதர் எழுந்து விளக்கினார்.

"நம் மன்னரின் வெண்குடை நிழல் நம் மக்களுக்கே உரியது. அதில் அயலார் நிற்க உரிமை இல்லை. எனினும், நம் குடிகளில் ஒருவர் தம் சொந்தக் குடையைத் தம் கையாலேயே உயர்த்திப் பிடித்து அயலார் ஒருவருக்கு நிழல் அளிப்பாரேயானால், அந்நிழலின் வட்டத்துக்குள் அவர் நிற்கலாம், உழைக்கலாம். வட்டத்தை விட்டு ஒரு கால் வெளியே வைத்தால் அன்றே படகு."

அவையோர் மேசையைத் தட்டினார்கள். இவ்வளவு கருணையும் இவ்வளவு கண்டிப்பும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து அவர்கள் கேட்டதில்லை.

இந்தச் செய்தியைக் கேட்டுத்தான் மணற்கரை நாட்டிலிருந்து தையல்நாயகி படகேறினாள். பதினோரு வருஷம் மருந்து கொடுத்தவள். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியைக் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அவள் ஊரில் நோய் இருந்தது, வேலை இல்லை. கணவன் சேந்தன் படகுக்குத் தார் பூசுகிறவன். ஒரே மகள் கோமளம், ஆறு வயது.

குடைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. இருநூற்றைம்பது நிழல் நாட்களை முடித்தவர், ஏழு வயது முடியாத பிள்ளை ஒன்றைத் தம் குடைக்குள் அழைத்துக்கொள்ளலாம். கோமளத்துக்கு வருகிற தை பத்தாம் தேதி ஏழு முடிகிறது. தையல்நாயகி அந்தப் பிரிவை வாசித்த பிறகுதான் பெட்டியைக் கட்டினாள்.

"நான் எப்பம்மா வர்றது?"

"உனக்கு ஏழு வயசு முடியறதுக்குள்ள."

"முடிஞ்சிட்டா?"

தையல்நாயகி மகளின் தலையில் சிக்கு இல்லாத இடத்திலும் சீப்பை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

தண்ணிழல் நாட்டுத் துறைமுகத்தில் அயலாருக்கென்று அரசுப் பந்தல் ஒன்று உண்டு. நாற்பது நாள்வரை அதில் தங்கலாம். பகலில், கூரை போட்ட நிழற்பாதை வழியாகக் கடைவீதிக்குப் போய் வேலை கேட்கலாம். நாற்பதாம் நாள் குடை கிடைக்காவிட்டால் வந்த படகிலேயே திரும்ப வேண்டும்.

வேலைக்குக் குறைச்சலே இல்லை. கடைக்குக் கடை பலகை தொங்கியது. 'மருந்தாளுநர் உடனடியாகத் தேவை' என்று எட்டடி தூரத்திலிருந்தே தெரியும்படி எழுதியிருந்தார்கள். கிட்டப் போய்க் குனிந்தால் கீழே கடுகளவு எழுத்தில் இன்னொரு வரி இருக்கும். 'குடை பிடிக்க இயலாது.' வேறு சில கடைகளில், 'குடையோடு வருபவர்கள் மட்டும் உள்ளே வரவும்.' குடையோடு வருகிறவர் எதற்காக இன்னொரு கடைக்கு வரப்போகிறார் என்று எவரும் கேட்கவில்லை.

அவள் ஒவ்வொரு கடையிலும் ஏறினாள். ஒரு கடைக்காரர் அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அரை மணி நேரம் தன் மூட்டுவலிக்கு யோசனை கேட்டுக்கொண்டார்.

"நீ ரொம்பக் கெட்டிக்காரிம்மா. உன்னை மாதிரி ஒரு ஆளைத்தான் ரெண்டு வருஷமா தேடுறேன்."

"அப்போ குடை…"

"அது மட்டும் கேட்காதே. நாள் பூராக் கையைத் தூக்கிட்டு எவன் நிப்பான்? எனக்கு மூட்டுவலி வேற. இப்பத்தான சொன்னேன்!"

பந்தலில் ஒரு தரகர் திரிந்தார். காகிதக் குடை விற்பார். பார்வைக்கு அசல் மாதிரியே இருக்கும், முதல் தூறலில் கரைந்து பிடித்தவர் தலையில் ஒட்டிக்கொள்ளும். தையல்நாயகியோடு படகில் வந்த இருவர் அதை வாங்கினார்கள். இருவரையும் தூறல் விழுந்த அன்றே திருப்பி அனுப்பினார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு அரசாங்கம் தேர்வு வைத்தது. மருந்தைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான், மற்றதெல்லாம் மன்னரின் முன்னோர்கள் ஏழு தலைமுறையாகப் பிடித்த குடைகளின் காம்பு நீளம் பற்றி. தையல்நாயகி உருப்போட்டு எழுதித் தேறினாள். தேறிய சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு பந்தலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

முப்பத்தெட்டாம் நாள் சிட்டம்மாள் வந்தாள். பல்லவன்குளம் என்ற ஊரில் புருஷன் விட்டுப்போன மருந்துக்கடையை ஒற்றை ஆளாக நடத்துகிறவள். துறைமுகத்துக்குக் கருவாடு வாங்கத்தான் வந்தாள். பந்தலில் ஒருத்தி வாடிய கீரைத்தண்டு மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"ஏட்டி, நீ மருந்து படிச்சவளா?"

"ஆமாங்கம்மா."

"இது என்னன்னு சொல்லு பாப்பம்." இடுப்பிலிருந்து ஒரு சீட்டை உருவினாள். எறும்பு மையில் விழுந்து நடந்துபோன மாதிரி எழுத்து.

தையல்நாயகி ஒருமுறை பார்த்தாள். "ரத்தக் கொதிப்புக்குங்க. காலையில அரை மாத்திரை. ஆனா இதுல ஒன்றரைன்னு இருக்கு. வைத்தியர் கை வழுக்கியிருக்கும். அவரை ஒருவாட்டி கேட்டுட்டுக் கொடுங்க."

"ஒன்றரைதாம்ட்டி கொடுத்துட்டிருக்கேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

தையல்நாயகி பதறி எழுந்து சிட்டம்மாளின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். "உக்காந்து எந்திரிச்சா கண்ணைக் கட்டுதாம்மா?"

"கட்டுது. எங்க வீட்டுக்காரர் ஆவி வந்து இழுக்குன்னுல்லா நெனச்சேன்! உசுரோட இருக்கையில ஒரு நாள் கையப் புடிச்சு இழுத்ததில்லையே, இப்ப என்ன ஆசைன்னு யோசிச்சேன்."

சிட்டம்மாள் கருவாட்டுக் கூடையைக் கீழே வைத்தாள். கக்கத்தில் இருந்த குடையை எடுத்து விரித்தாள். ஏழு சாண் குடை. தையல்நாயகியின் தலைக்குமேல் உயர்த்தினாள்.

"நட. கருவாட்டை நீ தூக்கிக்க."

சித்திரை முதல் தேதி நிழல் நாள் எண்ணத் தொடங்கியது. அன்றிலிருந்து எண்ணினால் தை பத்துக்கு முன் இருநூற்றைம்பது நாள் முடிந்து, ஒரு மாதத்துக்குமேல் மிச்சமும் இருந்தது. தையல்நாயகிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

பல்லவன்குளத்துக்காரர்கள் அப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை. மாத்திரைகளைத் தட்டில் கொட்டி, மழுங்கிய கத்தியால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுவாள். குழந்தைக்கு மருந்து என்றால், "வீட்டுக் கரண்டியைக் கொண்டு வாங்க" என்பாள். ஒவ்வொரு வீட்டுக் கரண்டிக்கும் ஒரு வயிறு இருக்கிறதல்லவா, அதில் எவ்வளவு ஊற்றுவது என்று உள்ளே கோடு கீறிக் கொடுப்பாள். பிள்ளையின் எடைக்குத் தகுந்த அளவு வேண்டுமே, கடையில் பெரிய தராசு ஏது? தூக்கி இடுப்பில் வைத்துப் பார்ப்பாள். வைத்தவுடன் எடை தெரிந்துவிடும். ஆனாலும் உடனே இறக்கமாட்டாள். இன்னும் கொஞ்சம் வைத்திருப்பாள். தாய்மார்களுக்கு அது ஏன் என்று புரியும். அவர்களும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வழக்கம். மருந்தைக் கொடுத்து, எப்படிச் சாப்பிடுவது என்று சொன்னபின் பொட்டலத்தை விடாமல் பிடித்துக்கொள்வாள்.

"இப்ப நீங்க திருப்பிச் சொல்லுங்க."

"அதான் நீயே சொன்னியேம்மா."

"நான் சொன்னது எனக்குத் தெரியும். உங்க வாயால கேட்டாத்தான் உங்களுக்கு என்ன விளங்கிச்சுன்னு தெரியும்."

சொல்வார்கள். பாதிப் பேர் தப்பாகச் சொல்வார்கள். சொல்லும்போதே அவர்களுக்கு அது தப்பு என்று தெரிந்து நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். அதன்பிறகு மறக்கவே மாட்டார்கள்.

ஆனால் குடையைச் சிட்டம்மாள்தான் பிடிக்க வேண்டும். கம்பியில் கட்டவோ, வேறு ஆளிடம் கொடுக்கவோ கூடாது. முன்பெல்லாம் அவள் சரக்கு வாங்கப் போவாள், அரைப்பாள், இடிப்பாள், சலிப்பாள். இப்போது நாள் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு தையல்நாயகியின் பின்னால் நின்றாள். ஒரு ஆள் வந்ததால் ஒரு ஆள் குறைந்தது. வரிசை மட்டும் குறையவில்லை.

ஒரு நாள் நிழல் அளவர் தங்கப்பழம் வந்தார். கையில் சங்கிலி, கக்கத்தில் ஏடு, தலையில் அரசு முத்திரை போட்ட தொப்பி.

"அக்கா, உள்ள நிழல் தெரியல்லியே."

"கடைக்குள்ள வெயில் எங்கவே வரும்? கூரை இருக்குல்லா!"

"அதாங்க்கா சிக்கல். வெயில் இல்லாம நிழல் எங்கன விழுது? நிழல் விழாம நான் எதை அளக்க?" அவர் ஏட்டிலிருந்து ஒரு ஆணையை உருவி, தொண்டையைச் செருமி, வேறு குரலில் வாசித்தார். "அயலார் பணிபுரியும் இடங்களில் குடை நிழல் ஐயமற மெய்ப்பிக்கப்பட வேண்டும். அதன்பொருட்டு அவ்விடங்களின் மேற்கூரை இன்றுமுதல் ஏழு நாட்களுக்குள் அகற்றப்பட வேண்டும்." வாசித்து முடித்ததும் பழைய குரல் வந்தது. "ஓட்டை நானே இறக்கித் தாரேன். உங்களுக்குக் கை வலிக்கும்."

நாடு முழுக்க அயலார் வேலை பார்த்த மருந்துக்கடைகளின் ஓடுகள் இறங்கின. வெயில் நேராக அலமாரியில் விழுந்தது. சர்க்கரைப் பாகில் போட்ட மருந்துகள் புளித்துப் பொங்கின, குளிகைகள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாயின. தையல்நாயகி ஈரத் துணி சுற்றி, மண்பானைக்குள் வைத்து, முடிந்ததைக் காப்பாற்றினாள். முடியாததைக் குழி தோண்டிக் கொட்டினாள். மக்கள் பாதி மருந்தோடு வீடு திரும்பினார்கள்.

அடுத்து தேர்தல் நெருங்கியது. நம் குடைகளெல்லாம் அயலாருக்கே போய்விடுகின்றன என்று ஒரு கட்சி சொன்னது. நாங்கள்தான் அதை முதலில் சொன்னோம் என்று மற்றக் கட்சி சொன்னது. யார் சொன்னது முதலில் என்று இரண்டு மாதம் விவாதம் நடந்தது. அதன் முடிவாக, ஏழு சாண் குடை நாலு சாணாகக் குறைக்கப்பட்டது. தையல்நாயகி முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு மாத்திரை எண்ணப் பழகினாள். அலமாரியின் மேல்தட்டு அவளுக்கு எட்டாத வெளிநாடு ஆயிற்று. அதில் இருந்த மருந்துகள் தேவைப்பட்டவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

ஆடி மாதத்தில்தான் பெரிய ஆணை வந்தது. மேகம் மூடிய நாட்களில் குடை பிடித்தும் நிழல் விழுவதில்லை என்று தங்கப்பழத்தைப் போன்ற அளவர்கள் மேலே எழுதிப் போட்டிருந்தார்கள். அமைச்சர் மூன்று நாள் யோசித்து, ஒரே வரியில் சட்டம் இயற்றினார்.

"நிழல் இல்லாத அயலார், அன்று இந்நாட்டில் இல்லாதவர் ஆவார்."

வெளிநாட்டுத் தூதர்கள் முகம் சுளித்தார்கள். அயலார் என்று பிரித்துச் சொல்வது அழகா என்றார்கள். கம்பீரநாதர் பெருந்தன்மையானவர். "நம் சட்டம் எவரையும் பாகுபடுத்தாது" என்று சொல்லி, தம் கையாலேயே அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'எவரும்' என்று எழுதினார். "நிழல் இல்லாத எவரும், அன்று இந்நாட்டில் இல்லாதவர் ஆவார்." தூதர்கள் கைகுலுக்கினார்கள். அந்த வரியைப் பொன்னெழுத்தில் பொறித்துத் துறைமுகத்தில் வைத்தார்கள்.

தையல்நாயகிக்கு அது இடி மாதிரி விழுந்தது. மேக நாள் நிழல் நாளாகாது. அதாவது எண்ணிக்கையில் சேராது.

ஐப்பசி பிறந்தது. அடைமழை. மழையோடு காய்ச்சல். ஊரே வானத்தைப் பார்த்துக் கும்பிட்டது, குளம் நிறைகிறதே என்று. அவள் மட்டும் வெயிலுக்காக வேண்டிக்கொண்டாள். வேண்டிவிட்டு, இப்படி வேண்டுகிறோமே என்று வெட்கப்பட்டாள்.

முதல் மழை நாள். கடைவாசலில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு முப்பது பேர். தையல்நாயகி ஒரு மூலையில் கையைக் கட்டி நின்றாள். தங்கப்பழம் நனைந்துகொண்டே வந்தார்.

"என்ன தாயி சும்மா நிக்கே?"

"இன்னைக்கு நான் இந்த நாட்டுல இல்லீங்களே. இல்லாதவ எப்படி மருந்து கொடுக்கறது?"

தங்கப்பழம் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினார். ஏட்டைப் புரட்டினார். "அது சரிதான்… ஆனா இல்லாதவ சட்டத்தை மீறவும் முடியாதுல்லா?" அவர் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டு அசந்து நின்றார். "நான் சும்மா சொன்னேன். நான் ஒண்ணும் சொல்லல."

சிட்டம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். குடையை மடக்கினாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் இரண்டு கையும் கீழே இறங்கின. ஒரு தார்ப்பாயை இழுத்து அலமாரிக்குமேல் கட்டினாள். "எவளும் இல்லாத கடைக்குக் கூரை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன! ஏட்டி, மேல்தட்டுல இருந்து எடு!"

அன்று பல்லவன்குளத்தில் அத்தனை பேருக்கும் மருந்து கிடைத்தது. அடுத்த மழை நாளில் பக்கத்து ஊர்க்காரர்களும் வந்தார்கள். நாட்டில் வேறு கடைகளிலும் அப்படியே நடந்ததாகச் சொன்னார்கள். காய்ச்சல் தணிந்தது. அரசாங்க அறிக்கை, மருந்தாளுநர் எவரும் பணியில் இல்லாத நாட்களிலேயே மக்கள் அதிகம் குணமடைகிறார்கள் என்று கண்டறிந்தது. இயற்கையின் ஆற்றலை அமைச்சர் பாராட்டினார்.

ஆனால் ஒவ்வொரு மேக நாளும் கோமளத்தின் கணக்கிலிருந்து போயிற்று. மார்கழி பாதியில் தையல்நாயகி உட்கார்ந்து எண்ணினாள். இனி தினமும் வெயில் அடித்தாலும், தை பத்தாம் தேதி வரும்போது முப்பத்தேழு நாள் குறையும். இரண்டாவது முறை எண்ணினாள். சிட்டம்மாளைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னாள். அவளுக்கும் முப்பத்தேழுதான் வந்தது.

"அப்ப அவ வரமாட்டா அக்கா" என்றாள் தையல்நாயகி. அழவில்லை. அடுத்த சீட்டை எடுத்து வாசித்தாள். எழுத்து தெரியவில்லை என்று ஒரு நல்ல எழுத்துக்காரரின் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தங்கப்பழம் இருமல் மருந்துக்கு வந்தார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, கேட்காமலேயே திருப்பிச் சொன்னார். சொல்லி முடித்தும் போகவில்லை.

"தாயி, என் மவ உலகம்மாவும் இந்தப் படிப்புதான். பெரிய நாட்டுல இருக்கா. அங்கனயும் குடைச் சட்டம் உண்டாம். எத்தனை சாணுன்னு எழுதவே மாட்டேங்கா." ஏட்டின் அட்டையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். "துறைமுக ஏடும் தை முடியுற வரைக்கும் என் கையிலதான். மேக நாள்ல படகுல யாரு இறங்குனாலும் எனக்கு எழுத வழியில்ல. நிழல் விழுந்தாத்தான் வந்ததா எழுதணும்னு விதி. நான் சும்மா சொன்னேன்."

"நீரு ஒண்ணும் சொல்லல" என்றாள் சிட்டம்மாள்.

அன்றே சேந்தனுக்குக் கடிதம் போயிற்று. தெரிந்த படகுக்காரர் பொறுப்பில் பிள்ளையை அனுப்பச் சொல்லி. படகு தை ஒன்பதாம் தேதி வரும். அன்றைக்கு மேகமா வெயிலா என்பது எவர் கையிலும் இல்லை.

தை எட்டாம் தேதி வரைக்கும் வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. ஒன்பதாம் தேதி விடியும்போது கிழக்கே சாம்பல் நிறத்தில் ஒரு திரள் எழுந்து மெதுவாகப் பரவியது. சிட்டம்மாள் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவளும் தையல்நாயகியும் துறைமுகத்துக்கு நடந்தார்கள். குடை மடங்கிச் சிட்டம்மாளின் கக்கத்தில் இருந்தது.

துறைமுகத்தில் தோரணம் கட்டியிருந்தது, மேளம் கொட்டியது. அயலார் எவரும் வராத நூறாவது நாளைக் கொண்டாட நிழலமைச்சரே வந்திருந்தார். அந்த நூறு நாளில் வந்த படகுகளெல்லாம் மழையில் வந்தவை என்பது ஏட்டில் இல்லை. கம்பீரநாதருக்குப் பின்னால் பொற்குடை ஏந்தி ஒருவர் நின்றார். தங்கப்பழம் முன்னால் வந்து ஏட்டை விரித்து உரக்க வாசித்தார்.

"தை ஒன்பது. இன்று எவரும் வரவில்லை."

அமைச்சர் அதன் கீழே நீளமாகக் கையொப்பம் இட்டார். மேளம் உச்சத்துக்குப் போனது. அந்தச் சத்தத்துக்குள்ளேதான் படகு வந்து கரை தட்டியது. பலகை போட்டார்கள். பலகையின் மேல்முனையில், பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையில் ஒரு துணிமூட்டையோடு கோமளம் நின்றாள்.

மேளம் ஒவ்வொன்றாக நின்றது.

"அந்தக் குழந்தை யார்?" என்றார் அமைச்சர்.

"எந்தக் குழந்தைங்கய்யா?" என்றார் தங்கப்பழம்.

"அதோ, பலகையில் நிற்கிறதே!"

"இன்னைக்கு எவரும் வரல்லீங்களே. நீங்கதான இப்பக் கையெழுத்துப் போட்டீங்க."

கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். அமைச்சரின் கழுத்து சிவந்தது. "காவலர்களே! அதை அப்படியே படகில் ஏற்றித் திருப்பி அனுப்புங்கள்!"

காவலர் இருவர் பலகையை நோக்கி நகர்ந்தார்கள். அப்போது தையல்நாயகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். என்ன பேசுவது என்று யோசித்து வரவில்லை. பொட்டலத்தோடு கிளம்புகிறவர்களிடம் பேசிப் பழகிய குரல்தான் வாயில் வந்தது.

"ஐயா, கோபிக்காதீங்க. சட்டம் என்னன்னு ஒருதரம் திருப்பிச் சொல்லுங்க. எனக்குச் சரியா விளங்கணும்."

தம் சட்டத்தைச் சொல்லச் சொன்னால் கம்பீரநாதர் எந்த அவசரத்திலும் சொல்வார். நெஞ்சை நிமிர்த்தினார். "நிழல் இல்லாத எவரும், அன்று இந்நாட்டில் இல்லாதவர் ஆவார்!"

"எவரும்னா யாருங்கய்யா?"

"எவரும் என்றால் எவரும்தான்! குடியானவர், அயலார், ஏழை, செல்வர், ஆள்பவர், ஆளப்படு…"

அங்கே நின்றுவிட்டார். பிறகு குனிந்து தம் காலடியைப் பார்த்தார். கல் பாவிய தரை ஈரமாக, வெறுமையாகக் கிடந்தது. திரும்பிப் பார்த்தார். பொற்குடை உயரத்தான் இருந்தது. அதன் கீழும் ஒன்றும் விழவில்லை. கூட்டத்திலும் ஒவ்வொருவராகக் குனிந்து தங்கள் காலடியைப் பார்த்தார்கள்.

"ஐயா" என்றார் தங்கப்பழம், நோயாளியிடம் பேசுகிறவர் மாதிரி மெதுவாக. "இங்க இல்லாத ஒருத்தர் போட்ட ஆணையை, இங்க இல்லாத காவலர் எப்படிங்கய்யா நிறைவேத்துவாங்க?"

காவலர்கள் பாதி வழியில் நின்றார்கள். அமைச்சரின் உயர்த்திய கை எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்து, பிறகு தொப்பியைச் சரிசெய்வது போல இறங்கியது.

"மேகம் விலகும்வரை காத்திருப்போம்" என்றார்.

எல்லாரும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரத்தில் கோமளம் பலகையில் ஒவ்வொரு அடியாக வைத்து இறங்கிவந்தாள். தையல்நாயகி அவளை அள்ளி இடுப்பில் வைத்தாள். எத்தனையோ பிள்ளைகளை அப்படி வைத்தவள். வைத்த மாத்திரத்தில் இத்தனை எடை என்று சொல்லிவிடுகிறவள். இந்த ஒரு பிள்ளையின் எடை மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை.

கோமளம் அம்மாவின் காதருகே குனிந்து, தப்பு செய்துவிட்ட குரலில் கேட்டாள். "அம்மா, யாரும் வரலைன்னு அந்தத் தாத்தா வாசிச்சாரே. நான் வந்துட்டேனா, இல்லையா?"

"வந்துட்டே கண்ணு" என்றாள் தையல்நாயகி. "வந்துட்டே."

மத்தியானம் வெயில் வந்தது. நிழல் வந்தவுடன் அமைச்சரும் நாட்டுக்குத் திரும்பினார், வந்ததும் வராததுமாகக் குழந்தையைத் திருப்பி அனுப்ப உத்தரவிட்டார். நிழல்துறை உடனே வேலையில் இறங்கியது. திருப்பி அனுப்ப வேண்டுமானால் வந்த தேதி வேண்டும். வந்த தேதியில் எவரும் வரவில்லை என்று ஏட்டில் இருக்கிறது. ஏட்டைத் திருத்த வேண்டுமானால் கீழே கையொப்பமிட்டவர் திருத்த வேண்டும். திருத்தினால் நூறாவது நாள் நூறாவது நாளாக இராது, அதற்கு எழுப்பிய வெற்றித்தூணை இடிக்க வேண்டும். தேர்தலோ மாசியில். ஆகவே ஒரு கோப்பு திறந்தார்கள்.

சட்டத்தில் இருந்த 'எவரும்' என்ற சொல்லை எடுத்துவிட அவை கூடியது. கூடிய அன்று தூறல். அன்றிலிருந்து தண்ணிழல் நாட்டு அரசவை வெயில் நாட்களில் மட்டுமே கூடுகிறது. மழை நாட்களில் அரசாங்கம் இல்லை, மருந்து கிடைக்கிறது. மக்கள் இதைப் பற்றி வெளியே ஒன்றும் பேசுவதில்லை.

கோப்பு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. அது மேசை மேசையாகப் போய்க்கொண்டிருக்கும்போதே கோமளத்துக்கு முன்பற்கள் இரண்டும் விழுந்து முளைத்துவிட்டன. சிட்டம்மாளையே 'ஏட்டி' என்று கூப்பிட்டு உதை வாங்குகிறாள். வெயில் நாட்களில் அம்மாவின் மடியோடு ஒட்டி நாலு சாண் நிழலுக்குள் உட்கார்ந்து, மாத்திரைகளை ஐந்தைந்தாகத் தள்ளுகிறாள். பிள்ளைகள் வளரும், குடை வளராது. அவள் கால்கள் இரண்டும் முழங்கால்வரை வெயிலில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. தங்கப்பழம் சங்கிலியோடு வருகிறார், குனிந்து நிழலின் நாலு பக்கமும் அளக்கிறார், அந்தக் கால்களை மிதித்துவிடாமல் வேட்டியைத் தூக்கித் தாண்டிப் போய், "சரியா இருக்கு" என்று எழுதிக்கொள்கிறார்.